ஐம்பத்திரண்டு வரைதான்

மே இருபத்தேழு. சூயாக் பக்கத்து ஆலையில்
வெட்டு தொடங்க இன்னும் பதினோரு நாள்.
எடைமேடைக் கொட்டகைக்குள் ஒரு சர்வர்
பாகுப் பிசுக்கேறிய மின்விசிறியோடு
மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் கொண்டு வந்தது புதிய பிரேம்வொர்க்.
அதற்கு ஜாவா பதினேழு வேண்டும்,
டாம்கேட் பத்து வேண்டும்.
அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வேறு சில வேண்டும்.
இங்கே இருப்பதோ எட்டு, ஒன்பது.

முதல் நாள் சாயங்காலமே சர்வர் சொல்லிவிட்டது:
உன் கோப்பு அறுபத்தொன்று.
நான் அறிந்தது ஐம்பத்திரண்டு வரைதான்.
கோபமில்லை, கெஞ்சலில்லை.
இவ்வளவு நேராக எவரும் என்னிடம்
தெரியாது என்று சொன்னதில்லை,
எபேனில் பதினான்காம் மாடியிலிருந்து
"சின்ன மாற்றம்தான்" என்று விலை எழுதிக் கொடுத்தவர் உட்பட.

ஜாவாவை ஏற்றினோம், ஏறியது.
டாம்கேட்டை மாற்றினோம்.
அப்போதுதான் பெயர் விவகாரம் கிளம்பியது.
ஜாவாக்ஸ் என்றிருந்த இடத்திலெல்லாம்
இனி ஜகார்த்தா என்றிருக்க வேண்டுமாம்.
வேலை பழைய வேலைதான்:
கேட்பதை வாங்கி வைத்துப் பதிலைத் திருப்பித் தருவது.
முந்நூற்று நாற்பத்திரண்டு இடங்கள்.
குகென் ஆர்மூகோம் ஒரே கட்டளையில் மாற்றிவிட்டு
தால்பூரி சுற்றிய காகிதத்தில் விரலைத் துடைத்தான்.

ஈரோட்டுக்காரி நான், வாய் சும்மா இருக்கவில்லை.
"உன் பெயரும் இப்படித்தானே,
ஆறுமுகம் என்று கப்பலேறி
இறங்கும்போது ஆர்மூகோம்" என்றேன்.
திரையிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை.
என் பெயரால் எந்த சர்வரும் விழுந்ததில்லை என்றான்,
கிரியோலில்.
பிறகு எனக்காகத் தமிழில் தேடி எடுத்து,
"அது வேற."
வேறுதான்.
உவமையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள்.
சோதனைக்கு வந்த லாரி மேடை ஏறுகிறது,
திரையில் எடை வருகிறது.
சீட்டு வரவில்லை.
சீட்டு அச்சடிக்கும் ஜார் கோப்பு ஒன்று,
எழுதிய கம்பெனியே மூடிவிட்டது,
மூல நிரல் யார் கையிலும் இல்லை,
அது இன்னமும் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.
உள்ளே யாரும் திரும்பிப் பார்ப்பதாயில்லை.
ழெரார் மூன்று முறை ஹாரன் அடித்தார்.
சீட்டில்லாமல் கரும்புக்கு எடையில்லை.
எடையில்லாமல் காசில்லை.

இரவு பதினொரு மணி.
தெற்குக் கடல் பாறையில் வந்து விழுவது
கொட்டகைவரை கேட்கிறது.
எபேனுக்குப் போன் போட்டால்
எல்லாம் பொருந்தும் என்றுதானே ஆவணத்தில் இருக்கிறது என்கிறார்கள்.
இருக்கிறது.
பத்துப் பொருத்தத்தில் ஒன்பது பார்த்தாகிவிட்டது,
ரஜ்ஜு தட்டுகிறது
என்பதை பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?

குகென்தான் ஒரு வழி சொன்னான், கொஞ்சம் கூச்சத்தோடு.
பழையதை நிறுத்த வேண்டாம்.
பக்கத்திலேயே வேறொரு போர்ட்டில்
தன் பழைய ஜாவாவோடு உட்கார்ந்திருக்கட்டும்,
சீட்டு மட்டும் அடிக்கட்டும்.
அழகில்லை.
இந்தத் தொழிலில் மரியாதை தெரிந்தவர்கள்
இதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.
இருந்த எட்டு ஜிபி நினைவகத்தைப் பாகம் பிரித்தோம்:
புதியவனுக்கு ஐந்து, கிழவனுக்கு ஒன்று,
மிச்சம் வீட்டுச் செலவுக்கு.

ஜூன் ஏழு, காலை ஐந்தே முக்கால்.
ழெராரின் லாரி.
பதினான்கு டன் முந்நூற்றிருபது கிலோ.
நான்கு விநாடிக்கு ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு அச்சுப்பொறி கரகரவென்று இருமி
சீட்டைத் துப்பியது.

ஜூலை ஆறு என்று போட்டிருந்தது.

ழெரார் எடையை மட்டும் பார்த்தார்,
சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார்.
குகென் என்னைப் பார்த்தான்.
நான் அடுத்த லாரியைப் பார்த்தேன்.